முதலில் வேதம், பிறகு முழங்கால்

"ஜெபம்பண்ண உட்காந்தா அஞ்சு நிமிஷத்துல மனசு எங்கெங்கயோ போயிருது." சபையில் யாரோடு மனம்விட்டுப் பேசினாலும் கடைசியில் இந்தக் குறை வந்து நிற்கும். வீட்டு வேலையோடு மல்லுக்கட்டும் பெண்கள், வங்கியில் வேலைபார்க்கிறவர்கள், ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர்கள், ஏன், பிரசங்கபீடத்தில் நிற்கிறவர்கள்கூடச் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனையும் ஏறக்குறைய ஒன்றுதான்: இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள், வெள்ளிக்கிழமை உபவாசம் இருங்கள், இது சத்துருவின் போராட்டம் என்று எதிர்த்து நில்லுங்கள். இதில் எதையும் தவறென்று சொல்லமாட்டேன். ஆனாலும் வருஷக்கணக்காக இதையெல்லாம் செய்துபார்த்துவிட்டு அதே குறையோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது, சிக்கல் வேறெங்கோ இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே போகிறது. பெரும்பாலானோர் முதலில் ஜெபித்து முடித்துவிட்டு, நேரம் மிஞ்சினால் வேதம் வாசிக்கிறார்கள். அந்த வரிசையில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து அப்படியே முழங்காலிடுகிறவரின் மனதில் என்ன இருக்கும்? நேற்று ராத்திரி படுக்கும்போது இருந்ததுதான் இருக்கும். பள்ளிக்கூடக் கட்டணம், மூத்தாருடைய பேச்சு, அலுவலகத்தில் முடிக்காமல் விட்ட கோப்பு. அவைகளையே ஆண்டவரிடம் சொல்லுகிறோம். சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியல் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் அப்பா" என்று நாவு பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்க, கண்முன் நிறுத்திக்கொள்ள எதுவும் இல்லாத மனம் கோப்பையும் கட்டணத்தையும் தேடித் திரும்பிவிடுகிறது. வைராக்கியம் கூடினால் இந்த அலைச்சல் இன்னும் நீளமாக நடக்குமே தவிர நிற்காது.

1841ஆம் வருஷம் மே மாதம்

இதே குறையோடு பத்து வருஷத்துக்கும் மேலாக இருந்தவர் ஜார்ஜ் முல்லர் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து அநாதை இல்லங்களின் முல்லரைத் தெரியாத தமிழ்ச் சபை இல்லை. பிரஷ்யாவில் பிறந்து, தரங்கம்பாடிக்கு வந்த மிஷனெரி சீகன்பால்கு படித்த அதே ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஏழை மாணவர்களுக்காக அங்கே பிராங்கே என்ற போதகர் நிறுவின அநாதை இல்லத்தில் ஒதுக்கியிருந்த இலவச விடுதியில் கொஞ்சகாலம் தங்கியவர். 1836இல் பிரிஸ்டலின் வில்சன் தெருவில் முதல் இல்லத்தைத் திறந்தார். மனிதரிடம் பணம் கேட்பதில்லை, தேவனிடம் மட்டுமே கேட்பது என்று தீர்மானித்து, 1898இல் மரிக்கும்வரை ஏறக்குறைய பதினாயிரம் பிள்ளைகளைப் பராமரித்தார். அவரைப்பற்றிப் பிரசங்கங்களில் நாம் கேட்பதெல்லாம் இந்தப் பகுதிதான்: பிள்ளைகள் காலியான மேசையில் உட்கார்ந்திருக்க, அவர் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கும்போது ரொட்டி வந்து சேர்ந்த சம்பவம். கேட்டுவிட்டு, நமக்கு அந்த விசுவாசம் இல்லையே என்று வீட்டுக்குப் போகிறோம்.

நமக்கு அதிகம் உதவக்கூடிய பகுதி அவருடைய நாட்குறிப்பில் 1841 மே மாதத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு 35 வயது. நெயில்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் தங்கியிருந்தபோது தாம் கற்றுக்கொண்டதை அங்கே எழுதிவைக்கிறார். அதுவரை, குறைந்தது பத்து வருஷமாக, காலையில் உடுத்திக்கொண்டதும் நேரே ஜெபத்துக்குப் போவது அவர் வழக்கம். கால் மணி, அரை மணி, சிலநேரம் ஒரு மணி நேரம்கூட முழங்காலில் இருந்த பிறகுதான் ஆறுதலோ மனத்தாழ்மையோ தமக்குள் வந்ததை உணர்வாராம். முதல் பத்து நிமிஷம், கால் மணி, அரை மணி என்று மனம் அலைந்ததாலே கஷ்டப்பட்டு, அதற்குப் பிறகே உண்மையாக ஜெபிக்கத் தொடங்கினதாக ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். சபையில் நம்மிடம் சொல்லப்படும் குறையை அப்படியே எடுத்து எழுதினதுபோல இருக்கும்.

அவர் செய்த மாற்றம் சின்னது. வசனத்தை ஆசீர்வதிக்கும்படி சில வார்த்தைகளில் கேட்டுவிட்டு, புதிய ஏற்பாட்டைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, வசனம் வசனமாகத் தியானிக்க ஆரம்பித்தார். பிரசங்கக் குறிப்புக்காக வாசிக்கக்கூடாது, தம்முடைய ஆத்துமாவின் ஆகாரத்துக்காக மட்டுமே வாசிக்கவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். சில நிமிஷங்களுக்குள்ளேயே வாசித்தது பாவ அறிக்கையாகவோ ஸ்தோத்திரமாகவோ பிறருக்கான விண்ணப்பமாகவோ மாறிவிட்டது. அந்த ஜெபம் முடிந்ததும் அடுத்த வசனத்துக்குப் போவார், அதுவும் ஜெபமாகும். ஜெபம்பண்ணுகிறேன் என்று உட்காராமலேயே ஜெபத்துக்குள் போயிருந்தார். நடந்துகொண்டே தியானிப்பதும் உண்டு. அதற்கென்று பெரிய எழுத்துப் புதிய ஏற்பாடு ஒன்று கையில் வைத்திருந்தார். மனம் அலைகிற தொல்லை அதற்குப்பின் தமக்கு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று என்கிறார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் ஜெபத்தைக் குறைக்கவில்லை என்பது. பேச்சைத் தொடங்குகிறவர் மாறிவிட்டார், அவ்வளவுதான். முன்பு முல்லர் தொடங்கினார், தேவன் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது தேவன் தம்முடைய வசனத்தால் தொடங்க, முல்லர் பதில் சொன்னார். பதில் சொல்லுகிற மனம் அவ்வளவு சீக்கிரம் அலையாது.

ஆறு வசனம், இருபது நிமிஷம்

இதைச் செய்துபார்க்க 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதலில் சங்கீதம் 119:18ஐ ஜெபமாகச் சொல்லுங்கள்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." அரை நிமிஷம் போதும். பிறகு ஆறு வசனத்தையும் உங்கள் காதுக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாக இரண்டு முறை வாசியுங்கள். யோசுவாவிடம் தேவன், இந்த நியாயப்பிரமாண புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக என்றார். கண்ணால் மட்டும் ஓட்டினால் பழகின வசனங்களில் மனம் தங்காது. வாய் சொல்லும்போது வேகம் தானாகக் குறையும்.

இரண்டாம் வாசிப்பில் அமைப்பு தெரிந்துவிடும். முதல் இரண்டு வசனம் கேள்வி, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. இனி முதல் வசனத்திலேயே நில்லுங்கள். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இரண்டு வசனத்துக்குள் நான்குமுறை "எதுவரைக்கும்" வருகிறது. உங்கள் வீட்டில் தாமதமாகிக்கொண்டிருக்கிற காரியத்தை அங்கே பேர்சொல்லி வையுங்கள்: மகளுக்கு அமையாத வரன், வாய்தாமேல் வாய்தா போகிற நிலத்து வழக்கு, மூன்றாவது மருத்துவரும் கைவிரித்த முதுகுவலி. தாவீதின் வாக்கியத்துக்குள் உங்கள் காரியத்தை வைத்துச் சொல்லுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். முறையிடுவது அவிசுவாசம் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். அதனால் முதல் இரண்டு வசனத்தை வேகமாகத் தாண்டி, "உம்முடைய இரட்சிப்பினால் என் இருதயம் களிகூரும்" என்ற ஐந்தாம் வசனத்துக்குப் போய் நின்றுகொள்கிறோம். தாவீது அப்படிப் போகவில்லை. முறையிடாத காரியத்தைக் களிகூருதலால் மூடி மறைக்கத்தான் முடியும். மத்தியானத்துக்குள் அது வெளியே வந்துவிடும்.

மூன்றாம் வசனத்தில் மூன்று விண்ணப்பம் இருக்கிறது: நோக்கிப்பாரும், செவிகொடுத்தருளும், என் கண்களைத் தெளிவாக்கும். சத்துருவை உடனே அகற்றும் என்று தொடங்காமல், தன் கண்களுக்காகக் கேட்கிறான். வழக்கு முடியவேண்டும் என்று கேட்கிறவர், வழக்கு முடியாத இந்த வாரத்தில் தெளிந்த கண்களோடு நடக்கும்படியும் கேட்கலாம் என்பது இந்த வசனம் சொல்லிக்கொடுத்தால்தான் நமக்குத் தெரியும். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவே வெளியே எதுவும் மாறினதாகச் சங்கீதம் சொல்லவில்லை. "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்பது தீர்ப்பு வந்தபின் சொன்ன வார்த்தை அல்ல. ஆறாம் வசனத்தில் "கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால்" என்று வரும் இடத்தில், ஏற்கெனவே நடந்த ஒரு நன்மையைத் தேதியோடு நினைவுகூர்ந்து சொல்லுங்கள். பொதுவாக "எல்லா நன்மைகளுக்காகவும்" என்று முடித்துவிடவேண்டாம். இவ்வளவுக்கும் இருபது நிமிஷம் ஆகும். கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றாது.

சங்கீதங்கள் ஏற்கெனவே ஜெபமாக இருப்பதால் இது எளிது. கட்டளைகளையும் நிருபங்களையும் எப்படி ஜெபமாக்குவது என்பதற்கு மார்ட்டின் லூத்தர் 1535இல் ஒரு வழி எழுதிக்கொடுத்தார். கேட்டவர் அவருக்கு முடிதிருத்தும் விட்டன்பெர்க் நாவிதர் பீட்டர். ஒவ்வொரு கட்டளையையும் நான்கு இழையாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்: இது எனக்கு என்ன போதிக்கிறது, இதற்காக எதைக்குறித்து ஸ்தோத்திரிக்கிறேன், இதில் எதை அறிக்கையிடவேண்டும், எதைக் கேட்கவேண்டும். "களவு செய்யாதிருப்பாயாக" என்பதைக் கடை வைத்திருக்கிறவர் எடுத்தால், தராசும் விலைச்சீட்டும் வந்து நிற்கும். அரசு அலுவலர் எடுத்தால், பத்தரைக்கு வந்து பத்து என்று போட்ட கையெழுத்து வந்து நிற்கும். நான்கு இழையையும் ஒவ்வொரு நாளும் முடித்தாகவேண்டும் என்று லூத்தர் சொல்லவில்லை. ஒரே நினைவு உள்ளத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவைகளை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிரு, அங்கே பிரசங்கிக்கிறவர் பரிசுத்த ஆவியானவர் என்கிறார். சவரக்கத்தியைப் பிடித்திருக்கும்போது நாவிதன் பேச்சிலும் பராக்கிலும் கவனம் வைத்தால் வாடிக்கையாளரின் மூக்கோ கழுத்தோ போய்விடுமே, ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டாமா என்று பீட்டரின் தொழிலை வைத்தே அவருக்குச் சொன்னார்.

வாக்குத்தத்த அட்டை

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புதுவருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதித் தட்டில் வரும் அட்டையை எடுக்கிறோம். காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு ஒரு வசனம் வருகிறது. இவை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஒற்றை வசனம் ஒருவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் விழாமல் நிறுத்தியிருக்கிறது. அதை லேசாகப் பேசக்கூடாது. ஆனால் ஒரு வருஷத்துக்கு அந்த ஒரு வரி மட்டுமே வேதமாகிவிடும்போது ஜெபம் எப்படித் திரிந்துபோகிறது என்பதற்கு எரேமியா 29:11ஐப் பாருங்கள். அதிகமாக எடுக்கப்படும், சுவரில் மாட்டப்படும் வசனம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

இது பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதின கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோனுக்குக் கொண்டுபோனதெல்லாம் இரண்டு வருஷத்தில் திரும்பிவரும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். கேட்க இனிமையான வாக்கு. அது பொய் என்று கர்த்தர் சொல்ல, அவன் அதே வருஷத்தில் மரிக்கிறான். அதற்குப்பின் வருகிறது இந்தக் கடிதம்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அப்படியென்றால் பதினோராம் வசனத்தை முதலில் கேட்டவர்களில் அநேகர் பாபிலோனிலேயே அடக்கம்பண்ணப்பட்டார்கள். அவர்களுக்கும் அது மெய்யான வாக்குத்தத்தம்தான். எழுபது வருஷத்தை வெட்டிவிட்டு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது, எரேமியாவின் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனனியாவின் இரண்டு வருஷத்தை எதிர்பார்க்கத் தொடங்குகிறோம். ஜூன் மாதம் வேலை கிடைக்காவிட்டால், கர்த்தர் வாக்குமாறினார் என்று ரகசியமாகக் கசப்படைகிறோம்.

எரேமியா சொன்ன அதே எழுபது வருஷத்தைப்பற்றி வாசித்த ஒருவரை வேதமே காட்டுகிறது. தானியேல் 9ஆம் அதிகாரம், இரண்டாம் வசனம்: வருஷங்களின் தொகையைப் புஸ்தகங்களால் அறிந்துகொண்டேன் என்கிறார். காலம் நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் அவர் என்ன செய்தார்? வாக்குத்தத்தம் இருக்கிறதே என்று சும்மா இருக்கவில்லை. உபவாசித்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, "நாங்கள் பாவஞ்செய்து" என்று அறிக்கையிடத் தொடங்கினார். அந்த ஜெபத்தை முழுவதும் வாசித்துப்பாருங்கள், மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எழுதியிருக்கிறது என்று இரண்டுமுறை வருகிறது. வாசித்ததுதான் அவர் வாயில் ஜெபமாக வந்தது.

91ஆம் சங்கீதமும் அப்படியே. தமிழ் வீடுகளில் பிரயாணத்துக்கு முன், அறுவைச் சிகிச்சைக்கு முன் வாசிக்கும் சங்கீதம். அதன் 11, 12ஆம் வசனங்களை ஆலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் சொன்னவன் பிசாசு. ஆண்டவர் அந்த வசனம் பொய் என்று சொல்லவில்லை. இன்னொரு வசனத்தால் அதற்கு எல்லை போட்டார். அன்று அவர் எடுத்த மூன்று பதிலும் உபாகமம் 6ஆம், 8ஆம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. வாக்குத்தத்த அட்டையில் அபூர்வமாக வரும் அதிகாரங்கள். ஆகவே அட்டை எடுக்கிறவர்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: அந்த வாரம் முடிவதற்குள் அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தையும், அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற அதிகாரத்தையும் வாசித்துவிடுங்கள். யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னது என்று அட்டையின் பின்பக்கம் இரண்டு வரி எழுதுங்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல்வைத்த இடத்தில் "வசனம் எடுக்கிற" வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுவது நல்லது. அது சீட்டெடுப்பு, வேதத்தைக் கேட்பது ஆகாது.

எவ்வளவு வாசிப்பது, எங்கே நின்றுபோகிறது

வேதாகமத்தில் 1189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருஷத்தில் முடியும். இந்தக் கணக்கில் ஜனவரி தொடங்குகிறவர்கள் ஆதியாகமம் முழுவதையும் ஆசையோடு வாசிப்பார்கள். யாத்திராகமம் 20 வரை சிரமமில்லை. 25ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக்கூடாரத்தின் அளவுகள் வரும்போது தள்ளாட்டம் தொடங்கும். ஜனவரிக் கடைசியில் லேவியராகமத்தில் நின்றுவிடும். பத்து நாள் விட்டால் முப்பதுக்கு மேல் அதிகாரம் பாக்கி சேர்ந்துவிடும். அதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்க்கப் பார்ப்பதுதான் இன்னும் பெரிய தவறு. விட்டதை விட்டுவிட்டு அன்றைய தேதியின் பகுதியிலிருந்து தொடருங்கள். அடுத்த வருஷம் அந்த இடத்துக்கு மறுபடி வருவீர்கள்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842இல் தம் சபைக்குப் போட்டுக்கொடுத்த அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாளுக்கு நான்கு அதிகாரம் வீதம், பழைய ஏற்பாடு ஒருமுறையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறையும் முடியும். அதைக் கொடுக்கும்போதே அதன் ஆபத்துகளையும் எழுதினார்: வெறும் சடங்காகிவிடலாம், வாசித்து முடித்தேன் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓடலாம், சிலருக்குச் சுமக்கமுடியாத நுகமாகலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை அதைவிடச் சிறியது. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். மிச்சமுள்ள இரண்டு நாளும் சங்கீதத்துக்கு. விட்டதைப் பிடிக்கவும் சனிக்கிழமை உதவும். பழைய ஏற்பாட்டை இரண்டாம் வருஷம் தொடங்கலாம்.

தோல் அட்டைபோட்ட வேதம் வேண்டும் என்பதில்லை, ஆனால் காகித வேதமாக இருப்பது உதவும். போனில்தான் வாசிப்பேன் என்கிறவர்கள் ராத்திரியே ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். குடும்ப ஜெபத்தின் மேலோட்டமான வார்த்தைகளுக்கு வெளியே போகவும் இதே வழிதான்: பத்துப் பதினைந்து வசனத்துக்கு மேல் வேண்டாம், ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசியுங்கள், பிள்ளைகள் ஒவ்வொருவரும் வாசித்த பகுதியிலிருந்தே ஒரு வாக்கியம் ஜெபிக்கட்டும். அப்பா இருபது நிமிஷம் ஜெபிக்கிற வீட்டில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது தூங்குவதை.

ஜாமீன் கையெழுத்து

வேதத்தையும் ஜெபத்தையும் நம்பி வாழ்வது என்று சொல்லுகிறோமே, அது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தில் எப்படி இருக்கும்? மைத்துனர் வீட்டுக்கு வருகிறார். காப்பி குடித்து முடித்ததும் ஒரு காகிதத்தை நீட்டுகிறார். "மாப்ள, லோனுக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்." நம்மில் பலர் அந்த நேரத்தில், "ஜெபிச்சுட்டு சொல்றேன்" என்கிறோம். பிறகு ஜெபிப்பது எதை? "ஆண்டவரே, போடலாமா வேண்டாமா, ஒரு அடையாளம் காட்டும்." இரண்டு நாள் கழித்து மனதில் தோன்றினதைச் செய்கிறோம்.

இந்தக் காரியத்தைப்பற்றி வேதம் ஏற்கெனவே பேசியிருக்கிறது. நீதிமொழிகள் 6:1-5, 11:15, 17:18, 22:26-27. நான்கு இடமும் பிணைப்படுவதற்கு எதிராக எச்சரிக்கிறது. 22ஆம் அதிகாரம், செலுத்த உனக்கு ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டுபோவார்களே என்று கேட்கிறது. இதைமட்டும் வாசித்துவிட்டு நிறுத்தினால் கைமூடினவனாகிவிடுவோம். மத்தேயு 5:42ஐயும் வாசிக்கவேண்டும்: "உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, உன்னிடத்தில் கடன்வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே." இரண்டையும் சேர்த்து வைத்தால் வழி தெரிகிறது. உன்னிடம் இருப்பதைக் கொடு, இல்லாததைப் பணயம் வைக்காதே. கையெழுத்துப் போடாமல், முடிந்த தொகையைத் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று கொடுத்துவிடலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் ஆறாம் அதிகாரம் வழி சொல்கிறது: தூங்காதே, போய் உன்னைத் தாழ்த்தி, வருந்திக் கேட்டு, உன்னைத் தப்புவித்துக்கொள்.

அப்படியானால் ஜெபம் எதற்கு? போடலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத் தைரியம் இல்லை. மைத்துனரின் முகம் வாடும், மனைவிக்கு வருத்தம் வரும். அந்தத் தைரியத்துக்காக, வார்த்தை கடுமையாகாமல் இருப்பதற்காக, உறவு முறியாமல் இருப்பதற்காக, கொடுக்கும் பணத்தைக் குத்திக்காட்டாமல் இருப்பதற்காக ஜெபிக்கவேண்டும். வசனம் தெளிவாகச் சொன்ன இடத்தில் அடையாளம் கேட்டு நிற்பதும், செய்வதற்குப் பெலன் கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல் விடுவதும்தான் நம்மிடம் அதிகம். இது ஜாமீனுக்கு மட்டுமல்ல. வரதட்சணைப் பேச்சில், பங்காளிச் சண்டையில், அலுவலகத்தில் பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்கும்போது, முதலில் தேடவேண்டியது வேதம் ஏற்கெனவே சொன்னதை. வேதம் நேரடியாகச் சொல்லாத காரியங்களும் உண்டு. எந்த ஊரில் வீடு பார்ப்பது, எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பது போன்றவை. அவைகளில் ஞானத்தைக் கேட்டு, விவரமறிந்த இரண்டு மூப்பர்களிடம் ஆலோசித்து, சமாதானமாகத் தீர்மானிக்கலாம்.

நடுப்பகலில்

பகல் நேரத்தில் நீண்ட ஜெபத்துக்கு இடமிருக்காது. அதற்கு நெகேமியா மாதிரி. ராஜா கேள்வி கேட்கிறார். பயத்தோடு நிற்கிற பானபாத்திரக்காரன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டுப் பதில் சொல்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சில விநாடிதான் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சில விநாடிக்குப் பின்னால், கிஸ்லேயு மாதம் தொடங்கி நிசான் மாதம்வரை ஏறக்குறைய நாலு மாத உபவாசமும் ஜெபமும் இருக்கிறது. முதலாம் அதிகாரத்தில் இருக்கும் அந்த ஜெபத்தின் நடுப்பகுதி, மோசேக்குக் கொடுத்த வார்த்தையை நினைத்தருளும் என்று உபாகமத்தின் வாக்குத்தத்தத்தை எடுத்துச் சொல்வது. காலையில் வாசித்த பகுதியிலிருந்து ஒரே ஒரு வரியைச் சட்டைப்பையில் எழுதிவைத்துக்கொண்டால், மேலாளர் கூப்பிடும்போது அந்த வரி வாய்க்கு வரும். மற்றவர்களுக்காக ஜெபிக்கப் பவுலின் ஜெபங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: எபேசியர் 3:16-19, பிலிப்பியர் 1:9-11, கொலோசெயர் 1:9-12. பிளஸ் டூ எழுதும் மகனுக்காக மதிப்பெண் கேட்பதோடு, அன்பு அறிவிலே பெருகவும் நல்லதை இன்னதென்று பகுத்தறியவும் பிலிப்பியரில் உள்ளபடி கேளுங்கள். மதிப்பெண் வந்தபின்னும் தேவைப்படும் ஜெபம் அது.

வறண்ட நாட்கள்

எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றும் தோன்றாத வாரங்கள் வரும். முதலில் தூக்கத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுகிறவருக்கு வறட்சி வருவதில் ஆச்சரியமில்லை. சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இரண்டுமுறை கொடுத்தபின்தான் ஓரேபில் பேசினார். மாதக்கணக்கில் இருள் நீங்காவிட்டால் மூப்பர்களையும் கூப்பிடுங்கள், மருத்துவரையும் பாருங்கள். 88ஆம் சங்கீதத்தை அப்போது எடுத்துக்கொள்ளலாம். 13ஆம் சங்கீதத்தைப்போல அது வெளிச்சத்தில் முடியாது, இருளிலேயே முடியும். அதுவும் வேதத்தில் இருக்கிறது. அந்த நிலையில் ஜெபிக்கிறவருக்கும் தேவசமுகத்தில் இடமிருக்கிறது. வார்த்தையே வராவிட்டால், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

அப்படிப்பட்ட நாட்களில் வேதத்தைத் திறக்கவும் கை வராது என்பதால், நல்ல நாட்களிலேயே சில சங்கீதங்களை மனப்பாடம் செய்துவைப்பது அவசியம். முதலில் 23, பிறகு 121, 130, 13, 4. எல்லாம் ஆறு முதல் எட்டு வசனத்துக்குள். நாளுக்கு ஒரு வசனம். நேற்றைய வசனங்களை முதலில் சொல்லிவிட்டுத்தான் இன்றையது. சபைகளில் வழக்கமாக வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலில் மனப்பாடம் செய்தால் ஆராதனையிலும் வீட்டுப் பெரியவர்களோடும் சேர்ந்து சொல்லலாம். சங்கீதம் முடிந்ததும் ஒரு வாரம் புதிதாக எதுவும் சேர்க்காமல் அதையே காலையும் படுக்குமுன்னும் சொல்லுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். இரவுப்பணிக்குப் போகிற செவிலியரும் காவலாளிகளும் 134ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றே வசனம், இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நின்று வேலைசெய்தவர்களுக்கென்றே பாடப்பட்டது.